படைவீரர் பகத் சிங் திந்த்

ஒரு நாட்டைக் காக்கப் படையிற் சேர்ந்தவனை அந்நாடு தன் மக்களுள் ஒருவனாக ஏற்றுக்கொள்வது முறை. உலக வரலாறும் பெரும்பாலும் இம்முறைக்குச் சான்று பகர்கின்றது. பண்டைய உரோமப் பேரரசில் குடியுரிமையற்ற அயற்குடியினர் துணைப்படைகளிற் சேர்ந்து 25 ஆண்டுகள் பணியாற்றினால், விடைபெறுங்கால் உரோமக் குடிகளாயினர். அதற்குரிய ஆணையை வெண்கலத் தகட்டிற் பொறித்து வழங்கினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபோது, 1862ஆம் ஆண்டில், படையில் நற்பணியாற்றி விடைபெற்ற அயல்நாட்டார் விரைவிற் குடியுரிமை பெறுமாறு சட்டம் இயற்றினர். பிரான்சு நாட்டின் அயல்நாட்டார் படையிற் பணியாற்றுவோரும் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

எனினும், படைக்கு வேண்டப்பட்ட ஒருவன் குடிமைக்கு வேண்டப்படாதவனாகத் தள்ளப்படுவதும் உண்டு. அவ்வாறு தள்ளப்பட்டும் தளராது, 18 ஆண்டுகள் முயன்று தம் உரிமையைப் பெற்ற இந்தியர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் பகத் சிங் திந்த். பகத் சிங் என்றவுடன், 1931ஆம் ஆண்டில் இலாகூர்ச் சிறையில் தூக்கிலிடப்பட்ட தியாகியே நம் நினைவுக்கு வருவார். இவர் அவருக்கு மூத்தவர். வேறொரு களத்திற் போராடியவர்.

பிறப்பும் பயணமும்

பஞ்சாபில் அமிருதசரசு மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், 1892ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள் சீக்கியக் குடும்பத்தில் பகத் சிங் திந்த் தோன்றினார். அமிருதசரசு நகரிலுள்ள கால்சா கல்லூரியிற் பயின்றார். தம் சமயத் திருநூலில் ஊறி வளர்ந்த அவ்விளைஞருக்கு எமர்சன், விட்மன், தோரோ ஆகிய அமெரிக்க அறிஞர்களின் நூல்களும் அறிமுகமாயின. அவ்வறிஞர்கள் வாழ்ந்த நாட்டைக் காணவேண்டும், அங்கு உயர்கல்வி பெறவேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பிலிப்பைன் தீவுகளின் தலைநகரான மணிலா வழியாகக் கப்பலேறி, 1913ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4ஆம் நாள் சியாட்டில் துறைமுகத்தில் இறங்கினார். அந்நாள் அமெரிக்கர்கள் தம் விடுதலையைக் கொண்டாடும் திருநாளாகும்.

அக்காலத்தில் பசிபிக் கடற்கரையோரத்து மரமறுக்கும் ஆலைகளிலும், இருப்புப்பாதைப் பணியிலும், தோட்டங்களிலும் பஞ்சாபியர் சில ஆயிரவர் கூலிவேலை செய்துவந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சீக்கியர். ஆயினும், இந்தியாவிலிருந்து வந்தவர் எவராயினும் அவரை இந்து என்றே அந்நாட்டார் அழைத்தனர். வேலையை நாடி வந்தவர்களை அங்கு எல்லோரும் விரும்பி வரவேற்கவில்லை. 1907ஆம் ஆண்டில் வாசிங்டன் மாநிலத்துப் பெல்லிங்காம் என்னும் ஊரில் வெள்ளைத் தொழிலாளர் கூட்டமொன்று இந்தியத் தொழிலாளரைத் தாக்கி ஊரைவிட்டே விரட்டியது. அந்நிகழ்ச்சியின் வடு ஆறாத காலத்திலேதான் திந்த் அங்குச் சென்றார்.

ஆரிகன் மாநிலத்து அசுடோரியா பகுதியில் மர ஆலைகளில் உழைத்துப் பொருள் ஈட்டினார். அவ்வூதியத்தைக் கொண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பர்க்கிலிக் கல்லூரியிற் பயின்றார். அசுடோரியா, கதர் இயக்கம் கருக்கொண்ட இடங்களுள் ஒன்று. 1913ஆம் ஆண்டின் இறுதியில் சான் பிரான்சிசுகோ நகரிலிருந்து அவ்வியக்கத்தின் இதழ் வெளிவரத் தொடங்கியது. இந்தியா இந்தியர்க்கே உரியது என்னும் கொள்கை திந்த் உள்ளத்தையும் ஆட்கொண்டது. அதனை அவர் ஒருநாளும் மறைத்தாரில்லை.

படைப்பணியும் முதற் சான்றிதழும்

1917ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. இலட்சக்கணக்கான வீரர்கள் தேவைப்பட்டனர். அந்நாட்டில் வாழ்ந்த அயல்நாட்டாரும் படைக்குச் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு ஊக்கமளிக்கும் பொருட்டு, 1918ஆம் ஆண்டு மேத் திங்கள் 9ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறியது. பொதுவாகக் குடியுரிமை கோருவோர் ஐந்தாண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். படையிலிருப்போர்க்கு அக்கட்டுப்பாடு தேவையில்லை என்று இச்சட்டம் கூறியது.

அவ்வாண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் திந்த் அமெரிக்கப் படையிற் சேர்ந்தார். வாசிங்டன் மாநிலத்து லூயிசு முகாமில் அவருக்குப் பயிற்சி நடைபெற்றது. தலைப்பாகையும் தாடியும் நீக்காமலே அவர் படையுடை அணிந்தார். அமெரிக்கப் படையில் தலைப்பாகையோடு பணியாற்றிய முதற் சீக்கியர் அவரே என்பர். நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் தற்காலிக சார்ஜெண்டாக உயர்வு பெற்றார். மூன்றே நாளிற் போர் முடிந்தது. அதனால் அவர் ஐரோப்பியப் போர்க்களத்தைக் காணவில்லை. எனினும், அழைத்தால் எக்கணமும் புறப்படுவதற்குரிய நிலையில் இருந்த வீரராகவே அவர் அம்மாதங்களைக் கழித்தார்.

1918ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 9ஆம் நாள், படையுடையிலேயே நீதிமன்றத்தில் நின்று அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டார். அம்மகிழ்ச்சி நான்கு நாள்களே நீடித்தது. 13ஆம் நாள், அவர் வெள்ளையர் அல்லர் என்னும் காரணத்தால், குடியுரிமைத் துறையினர் அதனைப் பறித்துக்கொள்ளச் செய்தனர். அப்போதும் அவர் படையிலேதான் இருந்தார். மூன்று நாள் கழித்து, 16ஆம் நாள், நன்னடத்தையிற் சிறந்தவர் என்னும் குறிப்போடு படையிலிருந்து மதிப்புடன் விடைபெற்றார். நடத்தையிற் சிறந்தவர் எனப் படைத்துறை எழுதிக்கொடுத்தவரைக் குடியிருக்கும் உரிமைக்குத் தகாதவர் எனக் குடியுரிமைத் துறை விலக்கியது. இரண்டும் ஒரே அரசின் இரு துறைகள். இரண்டும் ஒரே வாரத்தில் நிகழ்ந்தவை.

இத்தடையின் வேர் பழமையானது. சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடியுரிமை பெறலாம் என 1790ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் சட்டம் வகுத்திருந்தனர். உள்நாட்டுப் போருக்குப் பின், 1870ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மரபினர்க்கும் அவ்வுரிமை விரிந்தது. ஆசியர்க்கு மட்டும் கதவு திறக்கவில்லை. ஆயினும், வெள்ளையர் என்பவர் யார் என்று சட்டம் விளக்கவில்லை. அதனால் நீதிபதிக்கு நீதிபதி தீர்ப்பு வேறுபட்டது. அக்சய குமார் மசும்தார் என்னும் வங்காளியர் 1913ஆம் ஆண்டிலேயே குடியுரிமை பெற்றிருந்தார். திந்த் நம்பிக்கை இழக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரண்டாம் முயற்சி

1919ஆம் ஆண்டு மேத் திங்களில் ஆரிகன் மாநிலத்து நீதிமன்றத்தில் திந்த் மீண்டும் விண்ணப்பித்தார். அதற்குச் சில வாரங்கட்கு முன், ஏப்பிரல் 13ஆம் நாள், அவர் பிறந்த மாவட்டத்தின் தலைநகரில், சாலியன்வாலா பாகில், ஆங்கிலேய அதிகாரியின் ஆணையால் மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர். முதல் உலகப் போரில் ஏறத்தாழ 13 இலட்சம் இந்தியர் பிரிட்டிஷ் அரசுக்காகப் பணியாற்றினர். அவர்களுள் 74,000 பேருக்குக் குறையாமல் உயிர் நீத்தனர். அப்பணிக்கு ஈடாகத் தன்னாட்சி கிட்டும் என நம்பிய நாட்டிற்கு ரௌலட் சட்டமும் துப்பாக்கிக் குண்டுமே கிடைத்தன. ஆக, திந்த் எந்த அரசின் குடிபடையாகப் பிறந்தாரோ அவ்வரசும், எந்த அரசுக்காகப் படையுடை அணிந்தாரோ அவ்வரசும் இந்திய வீரனின் பணியை மதிக்க மறந்த காலம் அது.

ஆரிகன் நீதிமன்றத்தில் குடியுரிமைத் துறையினர் கடுமையாக எதிர்த்தனர். நிறத்தோடு, கதர் இயக்கத்தாரோடு அவருக்கிருந்த தொடர்பையும் குற்றமாகக் காட்டினர். திந்த் தம் கொள்கையை மறுக்கவில்லை. இந்தியா விடுதலை பெறவேண்டும் என்பதே தம் விருப்பம் என்றும், ஆயுதப் புரட்சியைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் விளக்கினார். நீதிபதி சார்லசு வுல்வர்ட்டன் அவர் சான்றுகளையும் படைப்பணியையும் ஆராய்ந்து, 1920ஆம் ஆண்டில் அவருக்குக் குடியுரிமை வழங்கினார். இஃது இரண்டாம் முறை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

அரசு மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு வினாக்களை எழுப்பி, விடை வேண்டி உச்ச நீதிமன்றத்திற்கு அனுப்பியது. அமிருதசரசிற் பிறந்த, உயர்சாதி இந்துவான இந்தியர் வெள்ளையர் ஆவாரா என்பது முதல் வினா. 1917ஆம் ஆண்டின் குடியேற்றத் தடைச் சட்டத்தால் இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் ஆவாரா என்பது இரண்டாம் வினா. இவ்விரு வினாக்களிலும் அவர் படையிற் பணியாற்றியது பற்றிய பேச்சே இல்லை.

அதற்கு மூன்று திங்கள் முன்னர், 1922ஆம் ஆண்டு நவம்பரில், இருபது ஆண்டுகள் அமெரிக்க மண்ணில் வாழ்ந்த தகாவோ ஒசாவா என்னும் சப்பானியரின் வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருந்தது. வெள்ளையர் என்பது தோலின் நிறத்தைக் குறிப்பதன்று, காக்கேசிய இனத்தைக் குறிப்பது என்று அதிற் கூறியிருந்தனர். அக்கால மானிட நூலார் வட இந்தியரைக் காக்கேசிய இனத்திற் சேர்த்திருந்தனர். ஆகவே திந்த் தரப்பினர் அத்தீர்ப்பையே தமக்கு ஆதாரமாகக் கொண்டனர். தாம் ஆரிய மரபினர் என்றும், உயர்சாதியார் பிற மக்களோடு மணவுறவு கொள்வதில்லை என்றும் வாதிட்டனர்.

இங்கு நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சாதி வேற்றுமையை மறுத்த குருமார்களின் வழிவந்த ஒரு சீக்கியர், உயர்சாதி இந்து என்னும் பெயரில் நீதிமன்றம் ஏறினார். ஒரு நாட்டின் நிற வேற்றுமைக் கதவைத் தம் நாட்டின் சாதி வேற்றுமை என்னும் திறவுகோல் கொண்டு திறக்க முயன்றனர் அவர் தரப்பினர். அன்றையச் சட்டம் வேறு வழியைத் திறந்துவைக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், அவ்வாதம் வென்றிருந்தாலும் நம்மவருள் ஒரு பகுதியார்க்கே அது பயன்பட்டிருக்கும். எஞ்சியோர் அக்கதவுக்கு வெளியிலேயே நின்றிருப்பர்.

1923ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 19ஆம் நாள் தீர்ப்பு வெளிவந்தது. ஒசாவா வழக்கில் தீர்ப்பெழுதிய நீதிபதி சார்ச் சதர்லாந்தே இதனையும் எழுதினார். அவர் இங்கிலாந்திற் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அமெரிக்காவிற் குடியேறியவர். நூலார் வகுத்த இனப் பிரிவு எதுவாயினும் ஆகுக. சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று கொள்கிறானோ அவனே வெள்ளையன். இந்தியரை அவ்வாறு யாரும் கொள்வதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். இஃது உயர்வு தாழ்வு பற்றியதன்று, வேற்றுமை பற்றியதே என்றும் அவர் எழுதினார். நூல்நெறியைக் கொண்டு சப்பானியரை விலக்கிய நீதிமன்றம், மூன்றே திங்களில் நூல்நெறியை ஒதுக்கிவைத்து இந்தியரை விலக்கியது. நீதிபதிகள் அனைவரும் இதில் ஒருமுகமாக இருந்தனர். இரண்டாம் முறை பெற்ற குடியுரிமையும் திந்த் கையைவிட்டு நழுவியது.

தீர்ப்பின் விளைவுகள்

இத்தீர்ப்பு ஒருவரோடு நின்றுவிடவில்லை. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலர்மீது அரசு வழக்குத் தொடுத்து, அவர்தம் சான்றிதழ்களைப் பறித்தது. குடியுரிமைக்குத் தகுதியற்றோர் நிலம் வைத்திருக்கக் கூடாது என்னும் கலிபோர்னியாச் சட்டத்தால் பஞ்சாபி உழவர்கள் தாம் பண்படுத்திய நிலத்தையே பிறர் பெயரில் வைத்து உழவேண்டியவர் ஆயினர். அத்தகையோரை மணந்த அமெரிக்கப் பெண்களும் தம் பிறப்புரிமையான குடியுரிமையை இழக்குமாறு 1922ஆம் ஆண்டுச் சட்டம் செய்திருந்தது.

வைசுணவ தாசு பகாய் என்பவர் மனைவி மக்களோடு 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிசுகோவிற் குடியேறி வாணிகம் நடத்தியவர். 1921ஆம் ஆண்டிற் குடியுரிமை பெற்றவர். தீர்ப்புக்குப் பின் அவ்வுரிமையை இழந்தார். உடைமையும் இழக்க நேர்ந்தது. தாய்நாட்டைக் கண்டுவர விழைந்தபோது, பிரிட்டிஷ் குடிபடையாக மீண்டும் கடவுச்சீட்டுப் பெற்றாலன்றிச் செல்ல இயலாது என்றனர். அந்த அரசின் பிடியிலிருந்து நீங்கவே அவர் அமெரிக்கா வந்திருந்தார். மனமுடைந்த பகாய் 1928ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

சகாராம் கணேசு பண்டித் என்னும் வழக்கறிஞர் வேறு வழி கண்டார். அவர் 1914ஆம் ஆண்டிலேயே குடியுரிமை பெற்றவர். நீதிமன்றம் ஒருமுறை முறைப்படி வழங்கிய உரிமையை நம்பித் தம் தொழிலையும் இல்லறத்தையும் அமைத்துக்கொண்ட ஒருவனிடமிருந்து அதனைப் பல்லாண்டு கழித்துப் பறித்தல் அறமாகாது என வாதாடினார். 1926ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. அதன் பின்னர் அரசு எஞ்சிய வழக்குகளைக் கைவிட்டது.

படைப்பணி செய்தோர் நிலை மட்டும் மாறவில்லை. இதெமிட்சு தொயோத்தா என்னும் சப்பானியர் அமெரிக்கக் கடலோரக் காவற்படையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பணியாற்றியவர். 1918ஆம் ஆண்டுச் சட்டம் படையிலிருக்கும் எந்த அயல்நாட்டாரையும் குறிப்பதாகத் தோன்றியதால், அதன்படி குடியுரிமை பெற்றிருந்தார். 1925ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வுரிமையும் செல்லாது என்றது. பிலிப்பைன் தீவினர் நீங்கலாக, நிறத் தடையைப் படைப்பணி நீக்காது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

படைப்பணி தந்த உரிமை

முதல் உலகப் போரில் உடன் நின்ற வீரர்களை அயலாராகவே வைத்திருத்தல் முறையன்று என்னும் உணர்வு மெல்ல வளர்ந்தது. சப்பானிய மரபினரான தொக்குதாரோ நிசிமுரா சுலோகம் என்னும் பழைய படைவீரர் இதற்காக அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர்களை இடைவிடாது நாடினார். முன்னாட் படைவீரர் சங்கத்தாரும் ஆதரவு தந்தனர். அதன் பயனாக 1935ஆம் ஆண்டு சூன் திங்கள் 24ஆம் நாள் ஒரு சட்டம் நிறைவேறியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் பணியாற்றி மதிப்புடன் விடைபெற்ற ஆசிய வீரர்கள், இனத் தடையின்றிக் குடியுரிமை பெறலாயினர்.

அச்சட்டத்தின்படி 1936ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் பகத் சிங் திந்த் மூன்றாம் முறையாகக் குடியுரிமை பெற்றார். இம்முறை அதனைப் பறிப்பார் எவருமில்லை. 26 அகவையிற் கைக்கெட்டியது 44 அகவை நெருங்கும்போது நிலைத்தது. மரபைச் சொல்லி வாதிட்டபோது கிடைக்காத உரிமை, லூயிசு முகாமில் ஏறத்தாழ ஐந்து திங்கள் ஆற்றிய பணியாற் கிடைத்தது. பிறப்பைக் கொண்டு இழந்ததைச் செயலைக் கொண்டு பெற்றார்.

ஆனால் இவ்வெற்றியின் எல்லையையும் நாம் மறத்தலாகாது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் நிறத் தடையை அகற்றவில்லை. படையுடை அணிந்த சிலருக்கு மட்டும் விலக்களித்தது. உழுதவனும், ஆலையில் உழைத்தவனும், கடை நடத்தியவனும் அயலானாகவே எஞ்சினான். இந்தியர் அனைவர்க்கும் குடியுரிமை பெறும் வாய்ப்பு 1946ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தாலேயே கிட்டியது. குடியேற ஆண்டுக்கு 100 பேர்க்கே அதில் இடமளித்திருந்தனர். 1952ஆம் ஆண்டிற் குடியுரிமைச் சட்டத்திலிருந்து இனத் தடை முற்றிலும் நீங்கியது. அமிருதசரசு மாவட்டத்தினரான தலிப் சிங் சௌந்த் 1949ஆம் ஆண்டிற் குடியுரிமை பெற்று, 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் அமெரிக்கப் பாராளுமன்றத்தின் கீழவைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். திந்த் வழக்கில் தீர்ப்பு வெளிவந்து 33 ஆண்டுகளே கடந்திருந்தன.

பிற்கால வாழ்வு

வழக்கு நடந்த காலத்திலும் அதன் பின்னரும் திந்த் கசப்பிலே காலத்தைக் கழிக்கவில்லை. அமெரிக்க நகரங்கள் பலவற்றிற்குச் சென்று ஆன்மிகச் சொற்பொழிவுகள் ஆற்றினார். சீக்கியத் திருநூலின் கருத்துகளையும், வேத உபநிடதங்களையும், இளமையிற் பயின்ற எமர்சன் முதலானோர் நூல்களையும் ஒப்புநோக்கி எடுத்துரைத்தார். நூல்கள் பலவும் எழுதினார். 1940ஆம் ஆண்டில் விவியன் டேவிசு என்னும் அம்மையாரை மணந்தார். தம்மைக் குடியாக ஏற்க மறுத்த நாட்டு மக்களுக்கே மனித குலத்தின் ஒருமைப்பாட்டைப் போதித்து வாழ்ந்தார். தலைப்பாகையையும் தாடியையும் இறுதிவரை விட்டாரில்லை. 1967ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பிறந்த ஊரைவிட்டு வேற்றுமொழி வழங்கும் நகரில் வாழ்கின்ற நாம் இவர் வரலாற்றைக் கற்பது தகும். 1950ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, எம்மாநிலத்திற் பிறந்தாரும் இந்நாடு முழுமைக்கும் ஒரே குடியுரிமை உடையவர் என வகுத்துள்ளது. அவ்வுரிமையைப் பெற நாம் எந்த நீதிமன்றத்திலும் நம் குலத்தையோ நிறத்தையோ எடுத்துரைக்க வேண்டியதில்லை. படையிற் சேர்ந்து மெய்ப்பிக்க வேண்டியதும் இல்லை. வருந்தாமற் கிடைத்ததனால் அதன் அருமை நமக்கு எளிதில் மறந்துபோகும். அதனை நினைவூட்டப் பகத் சிங் திந்த் பெற்ற மூன்று சான்றிதழ்களின் வரலாறு துணைசெய்யும். நம்மிடையே புதிதாக வந்து குடியேறுவோரை நாம் நடத்தும் முறைக்கும் அவ்வரலாறு ஓர் உரைகல்லாக விளங்குவதாகுக.